ரத்தப் பரிசோதனைக் கருவிக்கு கேலிபரேஷன்: எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது

ரத்தப் பரிசோதனைக் கருவிக்குச் சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாது. யூரியா, கொலஸ்ட்ரால் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். திரவத்தின் வழியாக ஒளியை அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று ஓர் எண்ணைச் சொல்லும். அதுதான் அப்சார்பன்ஸ். 0.325 என்ற அந்த எண்ணை ‘சர்க்கரை 130’ என்று மாற்றித் தருவது, நாம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் ஒரு பெருக்கல் எண். அதை ஃபேக்டர் என்பார்கள். ஃபேக்டரைச் சரியாகக் கண்டுபிடித்துக் கருவிக்குள் பதிவதற்குப் பெயர்தான் கேலிபரேஷன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் மின்னணுத் தராசு இருக்கும். முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்து ‘இது 100 கிராம்’ என்று தராசுக்குக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. தினமும் காலையில் எடை தெரிந்த இன்னொரு கட்டியை வைத்து, தராசு இன்றைக்கும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. லேபில் முதலாவது கேலிபரேட்டர், இரண்டாவது கன்ட்ரோல். கற்றுக்கொடுத்த அதே கல்லையே வைத்துச் சோதித்தால் தராசு எப்போதும் சரியென்றுதான் காட்டும். அதனால்தான் கேலிபரேட்டரையே கன்ட்ரோலாக ஓட்டக் கூடாது. கன்ட்ரோலைக் கொண்டு கேலிபரேஷன் போடுவதும் கூடாது. அதன் அட்டையில் இருப்பது குத்துமதிப்பான ஒரு வரம்பு. கேலிபரேட்டரின் மதிப்போ, மேலே மேலே போய் ஓர் உயர்தர அளவுகோலோடு இணைக்கப்பட்ட ஒற்றை எண்.

சர்க்கரையில் தொடங்குவோம்

சிறிய லேபுகளில் இருப்பது பெரும்பாலும் செமி ஆட்டோ அனலைசர். கலப்பது நம் கை, அளப்பது கருவி. கேலிபரேஷனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. முழுத் தானியங்கி இதே வேலையை மூடிய பெட்டிக்குள் செய்கிறது, அவ்வளவுதான்.

கருவியைப் போட்டதும் தொடங்க வேண்டாம். ஹாலஜன் விளக்கு நிலைபெறவும் ஒளி கடக்கும்படி திரவம் வந்து நிற்கும் சிறு அறையான ஃப்ளோ செல் 37 டிகிரிக்கு வரவும் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து ரீஏஜென்ட்டை (சாம்பிளோடு கலந்து வினைபுரியும் திரவம்) எடுத்து வெளியே வையுங்கள். ஜில்லென்ற ரீஏஜென்ட் சூடாகும்போது உள்ளே கரைந்திருக்கும் காற்று நுண்குமிழாகப் பிரியும். ஒரு குமிழ் ஒளிப்பாதையில் உட்கார்ந்தால் போதும், அப்சார்பன்ஸ் தாறுமாறாகிவிடும்.

பிறகு மூன்று வகைக் குழாய்கள். பிளாங்க் என்பது 1000 மைக்ரோலிட்டர் சர்க்கரை ரீஏஜென்ட்டோடு 10 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீர். இங்கே கேலிபரேட்டராக நிற்கும் ஸ்டாண்டர்ட் என்பது அதே 1000 ரீஏஜென்ட்டோடு, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ள ஸ்டாண்டர்ட் திரவம் 10 மைக்ரோலிட்டர். இதை ஒன்றல்ல, இரண்டு குழாய் போடுங்கள். அடுத்தது கன்ட்ரோல். எல்லாவற்றையும் 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, 505 நானோமீட்டரில் படியுங்கள். அளவும் நேரமும் ரீஏஜென்ட் கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கும் தாளில் உள்ளதே இறுதி.

பிளாங்க்கைக் கழித்தபின் இரண்டு ஸ்டாண்டர்டும் 0.248, 0.252 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 0.250. ஃபேக்டர் 100 வகுத்தல் 0.250, அதாவது 400. இனி ஒரு நோயாளியின் குழாய் 0.325 காட்டினால் 0.325 × 400 = 130. கணக்கு இவ்வளவுதான். இரண்டு ஸ்டாண்டர்டுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காதீர்கள். மறுபடி போடுங்கள். தப்பான ஒன்றையும் சரியான ஒன்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது பாதித் தப்பு.

இப்போது ஒரு பிழையை உள்ளே விட்டுப் பார்ப்போம். திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டின் முனையில் மாட்டும் டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிய துளியைத் துடைக்காமல் விட்டதால், ஸ்டாண்டர்ட் குழாயில் 10-க்குப் பதில் 11 மைக்ரோலிட்டர் விழுந்துவிட்டது. அப்சார்பன்ஸ் 0.275 ஆகும். ஃபேக்டர் 363.6 ஆகிவிடும். அதே நோயாளியின் 0.325 இப்போது 118. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது வழக்கமான எல்லை. 130 உள்ளவர் 118 என்ற சீட்டோடு வீட்டுக்குப் போகிறார். அவர் ஒருவர் மட்டுமல்ல, அடுத்த கேலிபரேஷன் வரை வருகிற எல்லோருக்கும் 9 சதவீதம் குறைவு. ஒரு நோயாளியின் குழாயில் நேரும் பிழை அவரோடு போகும். ஸ்டாண்டர்டில் நேர்ந்தால் ஊருக்கே போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைப்பெட்டே பழுதாகி எப்போதும் 11 மைக்ரோலிட்டர்தான் எடுக்கிறது என்றால் சர்க்கரை முடிவு கெடாது! ஸ்டாண்டர்டிலும் 11, நோயாளியிலும் 11. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே ஸ்டாண்டர்டை ஒரு பைப்பெட்டிலும் சாம்பிளை வேறொன்றிலும் எடுப்பதுதான் ஆபத்து. ஒரே பைப்பெட், ஒரே வகை டிப், முடிந்தால் ஒரே கை.

ஸ்டாண்டர்ட் இல்லாத பரிசோதனைகள்

மேலே சொன்ன தற்காப்பு, கல்லீரல் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி போன்ற என்சைம் பரிசோதனைகளில் பல லேபுகளில் கிடையாது. அங்கே ஸ்டாண்டர்ட் ஓட்டுவதில்லை. கிட் தாளில் ஃபேக்டர் 1768 என்று அச்சிட்டிருக்கும், அதை அப்படியே பதிந்துவிடுவார்கள். அந்த எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட், 100 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் கட்டிப்பட்டபின் பிரியும் தெளிந்த நீர்), 1 சென்டிமீட்டர் ஒளிப்பாதை, 340 நானோமீட்டரில் என்ஏடிஎச் என்ற பொருள் ஒளியை உறிஞ்சும் திறனான 6.22. இவற்றைச் சேர்த்துப் போட்டால் 1,100 × 1,000-ஐ 6.22 × 100-ஆல் வகுக்க வேண்டும். விடை 1768. நிமிடத்துக்கு 0.025 அப்சார்பன்ஸ் குறைந்தால் 44 யூனிட்.

ஆக, இந்த எண் உண்மையாக இருக்க வேண்டுமானால் அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். பைப்பெட் 100-க்குப் பதில் 90 எடுத்தால் முடிவு சுமார் 9 சதவீதம் குறையும். அதைத் திருத்த எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஃப்ளோ செல் 37-க்குப் பதில் 36 டிகிரியில் இருந்தாலும் சில சதவீதம் போய்விடும், என்சைம் குளிரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். 340 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் கெட்டால் 6.22 என்ற எண்ணே பொருந்தாது. ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க மூடுபனி அறைக்குள்ளேயே வரும். ஈரம் தங்கும் இடத்தில் ஃபில்டர் மீதும் லென்ஸ் மீதும் பூஞ்சை படரும். கருவிக்கு உறை போட்டு, அருகில் சிலிக்கா ஜெல் வைத்து, பயன்படுத்தாத நாளிலும் சிறிது நேரம் ஓட விடுவது நல்லது. என்சைமுக்கும் மதிப்பிட்ட சீரம் கேலிபரேட்டர் கிடைக்கிறது. செலவு கூடுதல்தான், ஆனாலும் அச்சிட்ட ஃபேக்டரை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

பைப்பெட்டைச் சோதிக்கப் பெரிய வசதி தேவையில்லை. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில், மூடியுள்ள சிறு குப்பியை வைத்து, 100 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரைப் பத்து முறை விடுங்கள். அறை 30 டிகிரியில் இருந்தால் மொத்தம் 0.996 கிராம் வர வேண்டும். 0.95 வந்தால் பைப்பெட்டின் உள்ளே இருக்கும் வளையம் தேய்ந்திருக்கிறது அல்லது டிப் இறுக்கமாகப் பொருந்தவில்லை. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைவாகக் காட்டும்.

தூளாக வரும் கேலிபரேட்டர்

பல பரிசோதனைகளுக்குப் பொதுவான கேலிபரேட்டர் உறைந்து உலர்ந்த தூளாக வரும். 5 மில்லிலிட்டர் நீர் விட்டுக் கரைக்கச் சொல்லியிருந்தால் 5.0 தான். ஊசிக்குழலால் அளந்து 5.2 விட்டால் உள்ளிருக்கும் பொருள் எல்லாம் 4 சதவீதம் நீர்த்துவிடும். அட்டை மதிப்போ மாறாது. கருவி ஃபேக்டரை உயர்த்திக்கொள்ளும், எல்லா நோயாளிக்கும் எல்லாப் பரிசோதனையும் 4 சதவீதம் கூடும். ஒரே அளவைத் துல்லியமாக எடுக்கும் கிளாஸ் ஏ வால்யூமெட்ரிக் பைப்பெட் ஒன்று வாங்கி இதற்கென்றே வையுங்கள்.

மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும், படக்கென்று இழுத்தால் தூள் பறக்கும். நீர் விட்டபின் குலுக்கக் கூடாது. நுரை வந்தால் புரதம் கெடும். மெல்லச் சாய்த்துச் சுழற்றி, தாளில் சொன்ன நேரம், வழக்கமாக 30 நிமிடம், வெளிச்சம் படாமல் வையுங்கள். வெளிச்சத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சிதைந்துவிடும். மீதியைச் சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20-ல் உறைய வைக்கலாம். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

எந்த நீர் என்பதும் முக்கியம். சேலம் போல மேக்னசைட் (மெக்னீசியக் கனிமம்) சுரங்கங்கள் உள்ள ஊரில் போர் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு ஆர்ஓ தண்ணீர் குடிக்கச் சரி, கேலிபரேட்டர் கரைக்கச் சரியில்லை. அதில் மீந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தந்தப் பரிசோதனையில் நேராகப் போய் உட்காரும்.

கன்ட்ரோல் வெளியே போனால்

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். காலையில் கன்ட்ரோல் ஓட்டுகிறீர்கள். அதன் சராசரி 98, வழக்கமான சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 3 என்றால், சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கம், அதாவது 92 முதல் 104 வரை இயல்பு. இன்றைக்கு 88 வந்திருக்கிறது. பலர் உடனே கேலிபரேஷன் போடுகிறார்கள். கன்ட்ரோல் உள்ளே வந்துவிடுகிறது, வேலை தொடங்குகிறது. இது நோயைப் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது.

ஏன் என்று எண்ணிலேயே பார்க்கலாம். மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் சூடாகி ரீஏஜென்ட் பாதி வலுவிழந்துவிட்டது என்று கொள்வோம். 0.250 வர வேண்டிய ஸ்டாண்டர்ட் 0.200 வருகிறது. ஃபேக்டர் 500 ஆகிறது. 100 பக்கம் உள்ள கன்ட்ரோல் அழகாக உள்ளே வரும். ஆனால் ரீஏஜென்ட்டில் உள்ள என்சைம் போதாததால், 400 சர்க்கரை உள்ளவரின் குழாயில் 10 நிமிடத்துக்குள் வினை முடியாது. அவருக்குக் குறைவாகக் காட்டும். கேலிபரேஷன் நோயை ஆற்றவில்லை, மறைத்துவிட்டது. அதனால்தான் இரண்டு அளவில் கன்ட்ரோல் ஓட்டச் சொல்கிறோம், இயல்பு ஒன்று, உயர்ந்தது ஒன்று. ஒவ்வொரு முறை கிடைத்த ஃபேக்டரையும் தேதி, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக 400 பக்கம் இருப்பது ஒருநாள் 440, 500 என்று ஏறினால் கருவி ஏதோ சொல்ல வருகிறது.

தினசரிக் கன்ட்ரோலை வரைபடமாக்கும் முறையை 1950-ல் லெவியும் ஜென்னிங்ஸும் மருத்துவ லேபுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் படிக்கும் விதிகளை 1981-ல் வெஸ்ட்கார்டு தொகுத்தார். தொடங்குபவர் எல்லா விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பிழை இரண்டு வகை என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு புள்ளி மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டிக் குதிப்பது, அல்லது ஒரு கன்ட்ரோல் மேலேயும் மற்றது கீழேயும் எகிறுவது, தற்செயல் பிழை. குமிழ், அரைகுறையாக எடுத்த துளி, மின்னழுத்த ஏற்ற இறக்கம். இதற்குக் கேலிபரேஷன் மருந்தே அல்ல. அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டுவது, அல்லது பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கமாகப் படுப்பது, முறையான சாய்வு. கேலிபரேஷனுக்கு வேலை இங்கேதான். அதுவும் காரணம் தெரிந்த பிறகு.

காரணம் தேடும் வரிசை, செலவு குறைந்ததிலிருந்து: முதலில் கன்ட்ரோலின் புதுக் குப்பியைத் திற. சரியாகிவிட்டால் பழைய குப்பிதான் கெட்டது. இல்லையென்றால் ரீஏஜென்ட்டின் நிறமும் பிளாங்க் அளவும் பார். பழைய சர்க்கரை ரீஏஜென்ட் இளஞ்சிவப்பாகி பிளாங்க்கே உயர்ந்திருக்கும். அடுத்து டிப், பைப்பெட். பிறகு ஃப்ளோ செல்லைக் கழுவு, வெப்பநிலை பார். கடைசியில் விளக்கு. 340-ல் மட்டும் எண்கள் நிலையில்லாமல் ஆடினால் விளக்கு ஓய்ந்துகொண்டிருக்கிறது, ஹாலஜனில் அந்தப் பக்கத்து ஒளிதான் இயல்பிலேயே குறைவு.

ரீஏஜென்ட் லாட் மாறினால், விளக்கோ ஃபில்டரோ மாற்றினால், சர்வீஸ் முடிந்தால், கருவியை இடம் மாற்றினால் கேலிபரேஷன் போட்டே ஆக வேண்டும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வெளியாரின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று அறிய, வேலூர் சிஎம்சி உயிர்வேதியியலுக்கும் டெல்லி எய்ம்ஸ் ரத்தவியலுக்கும் நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டங்களில் சேரலாம். மதிப்பு தெரியாத மாதிரியை அனுப்புவார்கள், நாம் அளந்து சொல்ல வேண்டும். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் வேண்டுமென்றால் இது விருப்பமல்ல, கட்டாயம்.

செல் கவுண்டர்

ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு எண்ணும் கருவியில் கேலிபரேஷன் அடிக்கடி தேவைப்படாது. 6 மாதத்துக்கு ஒருமுறையும் பெரிய பழுதுக்குப் பின்னும் சரிபார்ப்பது வழக்கம். ஆனால் முன்வேலை அதிகம். முதலில் வெற்று ஓட்டம் போட்டு, ரத்தமே இல்லாமல் எவ்வளவு எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரே புது ரத்தத்தைப் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். ஹீமோகுளோபின் 13.0, 13.1, 12.9 என்று ஒட்டியே வர வேண்டும். 12.4, 13.6 என்று சிதறினால் அங்கேயே நிறுத்துங்கள். சிதறும் கருவிக்கு எந்த ஃபேக்டரும் பொருந்தாது. நுண்துளையில் அடைப்பு, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் டைலூயென்ட் திரவக் குழாயில் காற்று, வால்வில் கசிவு என்று எதையாவது தேட வேண்டும்.

திருப்தியானால் கேலிபரேட்டரை எடுத்து அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கு இடையே உருட்டி, தலைகீழாக மெல்லப் புரட்டி, அடியில் செல் படிவு துளியும் இல்லாதவரை கலக்குங்கள். முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு அடுத்த பத்தின் சராசரி எடுக்க வேண்டும். அட்டை மதிப்பு 13.4, சராசரி 13.0, பழைய ஃபேக்டர் 1.000 என்றால் புதியது 1.000 × 13.4 ÷ 13.0 = 1.031. மாற்றம் 5 சதவீதத்தைத் தாண்டினால் பதியாமல் காரணம் தேடுங்கள்.

இந்தக் கேலிபரேட்டரில் இருப்பவை நிலைப்படுத்திய உண்மையான செல்கள். ஆயுள் சில வாரம்தான். ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால் செல்கள் உடையும், மேலே நிற்கும் நீர் சிவந்திருக்கும். அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மலை மேலே

ரத்த வாயு அளக்கும் கருவி மட்டும் உயரத்தைப் பொருட்படுத்தும். அதன் ஆக்சிஜன் கேலிபரேஷன் காற்றழுத்தத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஏறத்தாழ 630. கருவிக்குள்ளேயே அழுத்தமானி உண்டு, அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வானிலைச் செய்தியில் வரும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள், அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. மலையில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றே கூடுதலாக இருப்பதும் இயல்பு, அதைக் கேலிபரேஷனால் ‘திருத்த’ வேண்டாம்.

கேலிபரேஷன் கச்சிதமாக இருந்தும் மலையிலிருந்து வரும் சாம்பிள்கள் மட்டும் தப்பாக வந்தால், பழி பெரும்பாலும் பயணத்தில்தான். காலை 8 மணிக்கு ஏற்காட்டில் எடுத்த ரத்தம், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, லேபுக்கு வந்து வரிசையில் காத்திருந்து 11 மணிக்கு ஏறுகிறது. பிரிக்காத ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். இதைத் தடுக்க ஃப்ளோரைடு சேர்த்த குழாயிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இந்தக் குறைவு முழுதாக நிற்காது. சரி, ஐஸில் வைத்து அனுப்பலாமே என்றால் பொட்டாசியம் செல்லுக்குள்ளிருந்து கசிந்து பொய்யாக ஏறும். மலையிலேயே ரத்தத்தை அரைமணி நிற்க வைத்துக் கட்டிப்பட விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் குழாயில் எழுதி அனுப்பினால் இரண்டு தொல்லையும் இல்லை.